எனக்கே தெரியாத எண்

— காலை ஆட்டாம உக்காருங்க. பெஞ்சு மொத்தமும் ஆடுது.

— நான் ஆட்டல. பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை.

— சரி, பழியைத் தூக்கிப் பெஞ்சு மேல போடுங்க. அது பாவம், வாய் திறக்காது.

— ...என்ன அர்த்தத்துல சொல்ற?

— பெஞ்சைத்தாங்க சொன்னேன். நீங்க விட்ட இடத்துல இருந்து சொல்லுங்க. உள்ள மூணு பேர் இருக்காங்க. நடுவுல இருக்கிற தலைவரம்மா நான்தான். "வாங்க சார், உக்காருங்க. பரீட்சைக்கு முந்தின நாளே கேள்வித்தாள் எப்படி வெளிய போச்சு?" ம்... சொல்லுங்க.

— விளையாடாத. யாராவது பாத்தா சிரிப்பாங்க.

— காலையில கண்ணாடி முன்னாடி நின்னு கைய ஆட்டி ஆட்டிப் பேசினீங்களே, அப்ப சிரிக்கல? கண்ணாடிக்குச் சொன்னதை எனக்கும் சொல்லுங்க.

— அதெல்லாம் உனக்குப் புரியாது.

— கமிட்டிக்கு மட்டும் புரியுமா? அந்தம்மா வரலாறு படிச்சவங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.

— ...சரி. நான் கணக்குத் துறைத் தலைவர். மூணு வருஷமா கேள்வித்தாள் ஃபைலுக்குப் பூட்டு செஞ்சு குடுக்கிறது நான்.

— பூட்டுன்னா?

— இரும்புப் பூட்டு இல்ல. எண்ணுல ஒரு பூட்டு. வேற காலேஜ் வாத்தியார் யாரோ கேள்வி எழுதுவார். யாருன்னு எங்களுக்குத் தெரியாது. எழுதி, என்னோட பூட்டைப் போட்டு, ஃபைலை அனுப்பிடுவார். பரீட்சை அன்னிக்குக் காலையில திறந்து அச்சடிப்போம். அதுவரைக்கும் யாராலயும் உள்ள பாக்க முடியாது.

— யாராலயுமே?

— ரெண்டு பெரிய பகா எண்ணைப் பெருக்கி வர்ற எண்ணுதான் பூட்டு. அது எல்லாருக்கும் தெரியலாம், சுவத்துல கூட ஒட்டி வைக்கலாம். ஆனா எந்த ரெண்டைப் பெருக்கினதுன்னு தெரிஞ்சாத்தான் திறக்கும்.

— பெருக்கத் தெரிஞ்சவனுக்குப் பிரிக்கத் தெரியாதா?

— அதுதான் இதுல விசேஷமே. பெருக்கறது சுலபம். பிரிக்கறது... எண்ணு போதுமான அளவு பெரிசா இருந்தா, உலகத்துல இருக்கிற மெஷின் எல்லாம் சேர்ந்து உக்காந்தாலும் ஆயுசு பத்தாது.

— குடும்பம் மாதிரி இல்ல. அதைப் பிரிக்க ஒரு ஆள் போதும்.

— நடுவுல நடுவுல பேசாத. எங்க விட்டேன்...

— ஆயுசு பத்தாது.

— ஆங். அந்த ரெண்டு எண்ணையும் மெஷினே தேடி எடுக்கும். அதை ஒரு கவர்ல போட்டு அரக்கு வெச்சு, பரீட்சைப் பிரிவு கிளார்க்கோட பீரோவுல வைக்கணும். சாவி அந்த ஒரே இடத்துலதான். பூட்டு செஞ்ச எனக்கே அந்த எண்கள் தெரியாது. அப்ப ஃபைலைத் திறந்தது யாரா இருக்கும்? அது கமிட்டியே முடிவு பண்ண வேண்டியது. இவ்வளவுதான் நான் சொல்லப் போறது.

— கிளார்க்குதான்னு சொல்ல மாட்டீங்க.

— அவர் பேரை நான் எதுக்கு எடுக்கணும்?

— பேரை எடுக்காமலே ஆளை எடுத்துருவீங்க. அவருக்கு வேலை போயிரும் இல்ல?

— சஸ்பெண்டுலதான் இருக்கார். நான் சொல்றதை வெச்சுத்தான் மேல...

— அப்ப போயிரும்.

— அது என் கையில இல்ல.

— ம்... "எனக்கே அந்த எண்கள் தெரியாது." அந்த இடத்துல மட்டும் குரல் இறங்குது உங்களுக்கு. கண்ணாடி சொல்லலயா?

— எனக்குத் தொண்டை கட்டியிருக்கு.

— சார், டீ கொண்டாரட்டா? அம்மாவுக்கு?

— வேணாம்ப்பா. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?

— உள்ள ஆள் இருக்காங்க சார். கதவு திறந்தா நான் வந்து சொல்றேன். இந்த ஆபீஸ்ல கதவு திறக்கிறதும் கல்லுல நார் உரிக்கிறதும் ஒன்னு.

— நீங்க அட்டெண்டரா தம்பி?

— ஆமாம்மா. நேத்து உங்க காலேஜ் கிளார்க்கு ஒருத்தர் இதே பெஞ்சுல காலையில இருந்து உக்காந்திருந்தாரு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவரு. டீ குடுத்தேன், கையில வாங்கி வெச்சுக்கிட்டாரே தவிர குடிக்கல. ஆடை கட்டிப் போச்சு. அப்புறம் நானே வாங்கிக் கொட்டினேன். திருடினவன் இப்படியா உக்காருவான் சார்? திருடினவன் டீயைக் குடிச்சுட்டு, தட்டுல பிஸ்கட் இருக்கான்னு பாப்பான். நமக்கென்ன, பெரியவங்க விசாரிப்பாங்க. நான் வரேன் சார்.

— ...பேச்சைப் பாரு. ஆபீஸ் விஷயத்தை நடையில நின்னு பேசறான்.

— உண்மையைத்தானே சொல்றான்.

— நீ எதுக்கு இன்னிக்கு என் கூட வந்த? மருந்துக் கடைக்கு லீவு போட்டுட்டு... பாப்பா வீட்டுல தனியா இருப்பா.

— அவ என்ன கைக்குழந்தையா? இருபது வயசு. காலையில அவ ரூம் பக்கம் போனீங்களா?

— கதவு சாத்தியிருந்துச்சு. தூங்கறாளா?

— தூங்கறா.

— தூங்கட்டும். பரீட்சையே ரத்தாகிப் போச்சு, பாவம். நல்லா எழுதியிருந்தா.

— போன தடவை அதே பேப்பர்ல ஃபெயிலாப் போயிட்டா. இந்தத் தடவை நல்லா எழுதினா. சந்தோஷம்தான்.

— ஸ்டாஃப் ரூம்ல என்ன பேசினாங்க தெரியுமா அப்ப? "கணக்கு வாத்தியார் வீட்டுலயே கணக்கு உதைக்குது"ன்னு. எனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சுக்கிட்டு. நான் டிபன் பாக்ஸை மூடி வெச்சுட்டு வெளிய வந்துட்டேன்.

— அது அவ்வளவு உறுத்திச்சா?

— உனக்குத் தெரியாது. முப்பது வருஷமா ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறேன். பெத்த பிள்ளை ஃபெயில்னா என் மூஞ்சியை எங்க கொண்டு வைக்கறது?

— என் மூஞ்சியை எங்க கொண்டு வைக்கறதுன்னு நான் சொல்லட்டுமா? கிளார்க்கு சம்சாரம் கடைக்கு வந்தாங்க.

— எந்தக் கடைக்கு?

— எங்க மருந்துக் கடைக்குத்தான். பிரஷர் மாத்திரை. எப்பவும் ரெண்டு அட்டை வாங்கறவங்க, "அரை அட்டை வெட்டிக் குடுங்க, போதும்"னாங்க. நான் கத்திரிக்கோலை எடுத்தேன்... கை ஓடல. நான் உங்க சம்சாரம்னு அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னைப் பாத்து சிரிச்சாங்க. "சார் உள்ள போய் நாலு நல்ல வார்த்தை சொன்னாப் போதும், அவர் சொன்னா கமிட்டி கேக்கும்"னாங்க.

— நீ என்ன சொன்ன?

— என்ன சொல்ல? மாத்திரையை வெட்டறேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். எனக்கு அவ்வளவு வெக்கமா இருந்துச்சுங்க. அவங்க போன அப்புறமும் தலை நிமிரல.

— நீ என்ன தப்பு பண்ண, வெக்கப்பட?

— அதைத்தான் நானும் யோசிச்சேன்.

— ...தண்ணி இருக்கா?

— பையில இருக்கு. இந்தாங்க. ...பாத்து, சட்டையில ஊத்திக்கிட்டு உள்ள போகாதீங்க. ஏங்க, ஒரு எண்ணு பகா எண்ணுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

— இப்ப அது எதுக்கு?

— கமிட்டி கேட்டா? மெஷின் எப்படித் தேடுச்சுன்னு அந்தம்மா கேட்டா?

— கேட்டா சொல்லுவேன். அவ்வளவு பெரிய எண்ணை ஒவ்வொன்னாலயும் வகுத்துப் பாக்க முடியாது. அதனால சாட்சி கூப்பிடுவோம்.

— சாட்சியா? எண்ணுக்கா?

— ஆமா. ஏதாவது ஒரு எண்ணைக் குருட்டாம்போக்குல எடுத்து, பெரிய எண்ணோட சேர்த்து ஒரு கணக்குப் போட்டா, அது சாட்சி சொல்லும். "இவன் பகுபடுவான், எனக்குத் தெரியும்"னு சொன்னா முடிஞ்சது கதை. "எனக்குத் தெரிஞ்சு இவன் பகா எண்ணுதான்"னு சொன்னா, இன்னொரு சாட்சியைக் கூப்பிடணும்.

— ஏன், முதல் ஆளை நம்ப மாட்டீங்களா?

— சிலது பொய் சொல்லும். பகுபடற எண்ணைப் பகா எண்ணுன்னு சத்தியம் பண்ணும். அதுக்குப் பேரே பொய்யன்னுதான் வெச்சிருக்காங்க.

— எண்ணுல கூடவா பொய்சாட்சி.

— ஆனா ஒரு நிம்மதி. பகுபடற எண்ணு எதுவா இருந்தாலும் சரி, நாலு சாட்சியில ஒன்னுக்கு மேல பொய் சொல்லாது. நிரூபிச்சிருக்காங்க. மீதி மூணும் காட்டிக் குடுத்துரும். பத்து இருபது சாட்சியைக் கேட்டாப் போதும், பொய் நிக்காது.

— பரவாயில்லையே. மனுஷங்களை விட யோக்கியம். உள்ள எத்தனை சாட்சியைக் கேக்கப் போறாங்க?

— எனக்கு எப்படித் தெரியும்?

— உங்களை ஒருத்தரைத்தான் கேப்பாங்க. கணக்கு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்.

— இந்தா பாரு, நீ என்னமோ சுத்தி வளைக்கிற. நேராச் சொல்லு.

— நேராவே கேக்கறேன். மூணு அஞ்சு ஏழு ஆறு எட்டு ஆறு... மூணு ஒன்னு ரெண்டு ஆறு நாலு ஆறு...

— மெதுவாப் பேசு.

— ரெண்டு ஒன்னு ஆறு அஞ்சு ஆறு ஏழு... ஆறு ரெண்டு ஒன்பது ஒன்னு மூணு ஏழு. சரியாச் சொன்னேனா?

— ...எதுக்கு அதை இங்க சொல்ற?

— கல்யாணம் பேசி முடிச்ச புதுசுல நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்த எண்ணு. மத்தவங்க பூ வாங்கிட்டு வருவாங்க, இவர் எண்ணு வாங்கிட்டு வந்திருக்காரேன்னு எங்கக்கா சிரிச்சா. பகா எண்ணுன்னு நீங்க சொன்னது எனக்குப் பகை எண்ணுன்னு காதுல விழுந்து, நான் ஒரு வாரம் பயந்துகிட்டே இருந்தேன்.

— அது சாதாரண எண்ணு இல்ல.

— தெரியும். ஆயிரம் தடவை சொல்லியிருக்கீங்க.

— இடது பக்கத்துல இருந்து ஒரு இலக்கத்தை அழி, மிச்சம் பகா எண்ணு. இன்னொன்னை அழி, அப்பவும் பகா எண்ணு. அழிச்சுக்கிட்டே வா... நூத்து முப்பத்தேழு, முப்பத்தேழு, ஏழு. எங்கயும் உடையாது. அந்த ஜாதியில அதுதான் ஆகப் பெரிசு. அதுக்கு முன்னாடி ஒன்னுல இருந்து ஒன்பது வரைக்கும் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் பகுபட்டுரும். அதோட முடிஞ்சு போச்சு. இதுக்கு மேல வளராது.

— இப்பப் பாருங்க, தொண்டை சரியாயிருச்சு உங்களுக்கு. பாப்பாவுக்கு ஊசி போடறப்ப எல்லாம் அழாம இருக்க அதைத்தானே பாட்டு மாதிரி சொல்லுவீங்க. அவ ஏழு வந்ததும் கண்ணைத் திறப்பா. ஊசி போட்டு முடிச்சிருப்பாங்க.

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— பூட்டுக்கு அந்த எண்ணைத்தானே போட்டீங்க?

— சேச்சே... என்ன பேசற? மெஷின்தான் எடுக்கும்னு இப்பத்தானே சொன்னேன்.

— கமிட்டிக்குச் சொன்னீங்க. நான் கமிட்டி இல்ல, உங்க பொண்டாட்டி. காலை ஆட்டாதீங்க.

— ஒன்னை மெஷின்தான் எடுத்துச்சு. முந்நூறு இலக்கம். சத்தியமா எனக்குத் தெரியாது அது.

— இன்னொன்னு?

— ...

— இன்னொன்னு, ஏங்க?

— இன்னொன்னு... நம்மளோடது.

— அப்பா. ஒரு வார்த்தை வர இவ்வளவு நேரம்.

— தப்பு எண்ணத்துல போடல. நம்பு. மூணு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. படம் வரையறவன் மூலையில கையெழுத்துப் போடற மாதிரி... என் பூட்டு, என் எண்ணு உள்ள இருக்கட்டும்னு ஒரு ஆசை. யாருக்கும் தெரியப் போறதில்லயேன்னு நினைச்சேன்.

— ஒன்னு தெரிஞ்சா இன்னொன்னு?

— பூட்டு எண்ணை இதால வகுத்தா வந்துரும். வீட்டு கம்ப்யூட்டர்ல கண்ணை மூடித் திறக்கற நேரம்.

— ஆயுசு பத்தாதுன்னீங்க.

— அது ரெண்டும் பெரிசா இருந்தா. இது சின்னது. இருபத்திநாலு இலக்கம் எல்லாம் பூட்டுக்கு ஒரு எண்ணே இல்ல. கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவன் யாரா இருந்தாலும் எங்கிருந்து வேணா உடைச்சிருக்கலாம். முதல் வருஷப் பசங்களுக்கு நானே போர்டுல எழுதிப் போடறேன், தெரிஞ்ச எண்ணை, அழகான எண்ணை, பிறந்த நாளை எல்லாம் சாவிக்கு வைக்காதீங்கடான்னு. ஊருக்கு உபதேசம்...

— அப்ப கிளார்க்கு பீரோ ஒன்னுதான் வழின்னு சொல்றது?

— தெரியும். எனக்குத் தெரியும், நீ சொல்லிக் காட்டாத. இதை உள்ள சொன்னா என்ன ஆகும்? கணக்குத் துறைத் தலைவர் பூட்டுன்னு நினைச்சுக் கொண்டியைக் கூட மாட்டாம விட்டிருக்கார்னு சிரிப்பாங்க. அந்த வரலாறு அம்மா முன்னாடி நான் எப்படி... உடம்பெல்லாம் கூசுது.

— பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

— நான் என்ன பண்ணட்டும்?

— கிளார்க்கு மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க. பூட்டு சரியில்லன்னு சொல்லுங்க. அவ்வளவுதானே.

— சொன்னா அடுத்த கேள்வி என்ன தெரியுமா? "அந்த எண்ணு யாருக்கெல்லாம் தெரியும்?" அப்புறம்?

— அப்புறம் என்ன, உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

— அதைத்தான் சொல்றேன்.

— ...ஏங்க. ஒன்னு சொன்னா திட்டக் கூடாது.

— என்ன?

— நான்தான் திறந்தேன்.

— என்னது?

— ஃபைலை. நான்தான். பாப்பா மறுபடியும் போயிருவாளோன்னு பயமா இருந்துச்சு. நீங்க ஒரு நாள் எனக்கு வகுத்துக் காமிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அதே மாதிரி பண்ணேன். கணக்கை எடுத்து அவ கண்ணுல படற மாதிரி வெச்சேன். திட்டுங்க.

— ...

— ஏதாவது பேசுங்க.

— ...நீயா?

— ஆமா.

— நீ... சரி. சரி, இரு. இரு, யோசிக்கணும்.

— யோசிங்க.

— இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?

— இல்ல.

— பாப்பாகிட்ட?

— இல்லங்க.

— எப்பத் திறந்தேன்னு சொல்லப் போற?

— எப்பன்னு சொன்னா நல்லா இருக்கும்?

— புதன்கிழமை. புதன்கிழமை சாயங்காலம்தான் ஃபைல் வந்துச்சு. அதுக்கு முன்னாடி சொல்லிராத, மாட்டிக்குவ. நான் கம்ப்யூட்டரை மூடாம முடிவெட்டப் போயிருந்தேன்னு வெச்சுக்கோ.

— வெச்சுக்கறேன்.

— காலேஜ் பாஸ்வேர்டு கேட்டிருக்குமேன்னு கேப்பாங்க. நான் உள்ள போய் அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன்னு நானே சொல்லிடறேன். அது கவனக்குறைவு, அவ்வளவுதான். கவனக்குறைவுக்கு ஒரு மெமோ குடுப்பாங்க, குடுக்கட்டும்.

— எண்ணை எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டா?

— வீட்டுல எப்பவும் சொல்ற எண்ணு, போட்டுப் பாத்தேன், வகுபட்டுச்சுன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. அதிகம் பேசினா உளறுவ.

— ம்.

— இந்தா பாரு, உனக்கு ஒன்னும் ஆகாது. நீ இந்தக் காலேஜ் ஆளே இல்ல. உன்னை என்ன பண்ண முடியும்? பெத்த மனசு, புரியாமப் பண்ணிட்டாங்கன்னு விட்டுருவாங்க. அந்தம்மாவுக்கும் பிள்ளைங்க இருக்கு.

— மருந்துக் கடையில?

— என்ன மருந்துக் கடையில?

— பூட்டியிருக்கிறதைத் திறந்து எடுக்கறவன்னு தெரிஞ்சா, என்னை மருந்து அலமாரி கிட்ட விடுவாங்களா?

— அதை... அதை அப்புறம் பாத்துக்கலாம். வேற கடையா இல்ல? கொஞ்ச நாள் வீட்டுல இரு. உனக்கும் முட்டி வலி.

— கிளார்க்கு வேலைக்குத் திரும்பிருவாரு இல்ல?

— நிச்சயமா. அதைத்தானே நீயும் கேட்ட? அவர் பொண்டாட்டிகிட்ட இனிமே நீ தலை நிமிந்து பேசலாம்.

— நான் திருடின்னு ஆன அப்புறமா?

— அப்படி ஏன் நினைக்கிற...

— ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம்.

— கேளு. சீக்கிரம் கேளு, கதவு திறந்துரப் போகுது.

— நான் திறந்தேன்னு சொன்னதும் உங்களுக்குக் கோபமே வரலயே, ஏன்? குழம்புல உப்பு கூடினா தட்டைத் தள்ளி வைக்கறவர் நீங்க. உங்க வேலைக்கே உலை வெச்சிருக்கேன்னு சொல்றேன், "ஏண்டி இப்படிப் பண்ண"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. "எப்பத் திறந்தேன்னு சொல்லப் போற"ன்னு கேட்டீங்க. எப்பத் திறந்தேன்னு கேக்கல. சொல்லப் போறன்னு கேட்டீங்க.

— அதிர்ச்சியில... வாய் தவறி...

— சாட்சிக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிற மாதிரி சொல்லிக் குடுத்தீங்க. முடிவெட்டப் போனது முதற்கொண்டு.

— நீதானே திறந்தேன்னு சொன்ன? நீ சொன்னதை நான் நம்பினேன். அது தப்பா?

— நம்பினீங்களா?

— ...

— என்னைப் பாத்துச் சொல்லுங்க. நம்பினீங்களா?

— அதை விடு, கதவு திறக்கப் போகுது.

— அந்த மெஷினை எங்க தட்டினா உயிர் வரும்னு கூட எனக்குத் தெரியாது. போன மாசம் மின்சாரக் கட்டணம் கட்டணும்னு பாப்பாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன், நீங்கதான் பக்கத்துல நின்னு கேலி பண்ணீங்க. இவ திறந்திருக்க மாட்டான்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சரின்னீங்க.

— நான் வேணும்னு சொல்லல... ஒரு நிமிஷம் மூச்சு வந்துச்சு. அவ்வளவுதான். தண்ணியில முங்கறவன் கையில எது கிடைச்சாலும் பிடிப்பான் இல்ல...

— என் கழுத்து கிடைச்சுதா?

— ...மெதுவா. கெஞ்சிக் கேக்கறேன். அட்டெண்டர் வர்றான்.

— வரட்டும். நான் ஒன்னும் கத்தல.

— நீ என்னை என்ன நினைக்கிற இப்ப?

— எனக்குக் கோபம் இல்லங்க. அதான் ஆச்சரியம். காலையில இருந்து கும்பிட்டுக்கிட்டே வந்தேன், இவர் "வேணாம், நீ எதுக்குடி பழி ஏத்துக்கணும்"னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டாப் போதும்னு. நீங்க சொல்லியிருந்தா நான் மீதியையும் கேட்டிருக்கவே மாட்டேன். இப்ப உங்க பக்கத்துல உக்கார எனக்குக் கூச்சமா இருக்கு. கல்யாணம் ஆன புதுசுல கூட இப்படிக் கூசினதில்ல.

— மீதின்னா... என்ன மீதி?

— சார், உள்ள முடியப் போகுது. அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டு இருக்கு. அடுத்து நீங்கதான் சார், தயாரா இருங்க.

— கிளார்க்கு இல்லயா உள்ள?

— அவருக்கு நேத்தே முடிஞ்சுதே சார். இது ஒரு ஸ்டூடண்டு. கூப்பிடவே இல்ல, அதுவா வந்துச்சு. ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்கிட்ட நின்னுச்சு. கண்ணெல்லாம் சிவந்து போய்... ஆனா பேச்சு தெளிவு. டீ குடுத்தேன், குடிச்சுது.

— என்ன ஸ்டூடண்டு? என்ன சொல்ல வந்தா?

— அதெல்லாம் எனக்குச் சொல்லுவாங்களா சார்? கதவு திறந்ததும் நீங்க போயிருங்க.

— ...யாரு அது? ஏம்மா, உனக்குத் தெரியுமா? உள்ள யாரு?

— நம்ம பாப்பாங்க. தூங்கறான்னு நான் சொன்னது பொய். முக்கியமான கணக்குன்னு சொல்லி நீங்க அவளுக்கு எழுதிக் குடுத்தீங்களே அஞ்சு கணக்கு, எங்கப்பா குடுத்ததுன்னு பெருமையாத் தோழிங்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கா. அது கேள்வித்தாள்னு அவளுக்குத் தெரியாது, பரீட்சை ஹால்ல அஞ்சும் அப்படியே வந்தப்பத்தான் தெரிஞ்சிருக்கு. அன்னியில இருந்து அவ சரியாச் சாப்பிடல. அனுப்பினது நான்தான்னு சொல்லத்தான் உள்ள போயிருக்கா. உனக்குக் குடுத்தது யாருன்னு கேட்டா என்னடி சொல்லுவேன்னு கேட்டேன். "நான் அதைச் சொல்ல மாட்டேம்மா, அடுத்து வர்றவர் அவரே சொல்லிருவாருன்னு சொல்லிட்டு வந்துருவேன்"னா. எழுந்திருங்க, கதவு திறக்குது.